கைசன்: ஓர் ஆள் மிச்சம்

எங்கள் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் வலதுகைப் பக்கச் சுவரில் ஒரு பெண்ணின் புகைப்படம் தொங்கியது. நீலச் சட்டை, தலையில் வலைத்தொப்பி, கையில் ஒரு ஹாட்பாக்ஸ். சிரிக்கச் சொன்னதால் வந்த சிரிப்பு. கீழே ‘சிறந்த கைசன்’ என்று நான் எழுதிய எழுத்து. வருகிற விருந்தாளிகள் எல்லோரும் அங்கே கொஞ்ச நேரம் நிற்பார்கள். இந்தப் பெண்ணைப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். ‘செகண்ட் ஷிப்ட்’ என்று சொல்வேன். சாயங்காலம் வந்து கேட்டால் ‘ஃபர்ஸ்ட் ஷிப்ட்’ என்பேன். நாலு வருஷம் இப்படியே சொன்னேன். அவள் எந்த ஷிப்டிலும் இல்லை. அந்தப் படம் எடுத்து ஒரு மாதம்கூட ஆகாமல் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அனுப்பியதில் என் கையும் இருந்தது.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லைத் துரத்திக்கொண்டு திரிந்ததில்தான் எனக்குக் கண் மறைத்தது.

நான் தமிழ் எம்.ஏ. தமிழ் எம்.ஏ.வுக்குக் கார்க் கதவுப் பூட்டு செய்யும் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் குறைவு. 2008-இல் இருங்காட்டுக்கோட்டையில் என்னை வேலைக்கு எடுத்த மேனேஜரே கேட்டார். பிறகு அவரே பதிலும் சொன்னார். பிரஸ் மெஷின் மேலே ‘கையை உள்ளே விடாதீர்’ என்று எழுதச் சொன்னதற்கு, பெயின்டர் இடம் போதாமல் ‘கையை உள்ளே விட’ என்பதோடு நிறுத்திவிட்டுப் போயிருந்தாராம். ஆடிட்டுக்கு வந்த சென்னைக்காரர் படித்துவிட்டார். “ஒரு பிழை இல்லாம எழுதணும். அவ்வளவுதான் உங்க வேலை” என்றார் மேனேஜர். மனிதவளப் பிரிவில் ஜன்னலோரமாக ஒரு மேஜை கிடைத்தது. கேன்டீன் போர்டில் தினமும் தேதியும் சாப்பாட்டுப் பட்டியலும் எழுதுவதும் என் தலையில் விழுந்தது. மணிமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்சில் போய் வந்தேன். “பூட்டு கம்பெனில போயி இன்னாடி தமிழு எழுதற?” என்று அம்மா ஆறு மாதம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் வாரமே மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். மேலே ‘கைசன்’ என்று இருந்தது. நடுவில் முன், பின் என்று படம் போட இரண்டு பெட்டிகள். அடியில் பயன் என்ற தலைப்பில் நாலு கட்டங்கள்: நேரம் மிச்சம், பொருள் மிச்சம், இடம் மிச்சம், ஆள் மிச்சம். தொழிலாளி ஒவ்வொருவரும் மாதம் ஒன்று எழுதிச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். ஒரு கமிட்டி படித்துப் பார்த்து, நல்லதாக இருந்தால் பரிசு கொடுக்கும். தன் வேலையில் எதை, எப்படி மாற்றினால் இன்னும் நன்றாக நடக்கும் என்பதுதான் விஷயம். சொல் ஜப்பான்காரர்களுடையது. “இதுக்கு நல்ல தமிழ்ச் சொல்லா ஒண்ணு சொல்லுங்க. போர்டு வைக்கணும்” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்த படிப்புக்கு இப்படி ஒரு கௌரவம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இரண்டு நாள் யோசித்து ‘முன்னேற்றம்’ என்றேன். “எந்தக் கட்சி மேடம்?” என்றார். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கட்சிகள் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருப்பது எனக்கு உறைக்கவில்லை. ‘மேம்பாடு’ என்றேன். குடிசை மாற்று வாரியம் மாதிரி இருக்கிறது என்றார். ‘சீர்திருத்தம்’ என்றேன். தாலி இல்லாமல் கல்யாணம் பண்ணி வைக்கிறார்களா என்று கேட்டார். ‘திருத்தம்’ என்றதும் வாக்காளர் பட்டியல் ஞாபகத்துக்கு வருகிறது என்றார். கடைசியில் பெரிய மனது பண்ணி “கைசன்னே போட்ருங்க” என்று முடித்துவிட்டார். இரண்டாயிரம் வருஷத்து மொழி ஒரு போர்டுக்கு உதவாமல் போனதில் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தச் சொல்லை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பூட்டு பொருத்தும் லைனில் அந்தச் சொல்லுக்கு வேறு வாழ்க்கை. அங்கே கைசன் என்பது கட்டியாக வேண்டிய வரி. “கைசன் போட்டியா?” “இந்த மாசக் கைசன இன்னும் குடுக்கலடி.” கொடுக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. கிடைக்காது. அதனால் ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி பார்த்து எழுதுவாள். துடைப்பத்தை மூலையில் சாத்தி வைப்பதற்குப் பதில் ஆணி அடித்து மாட்டுவது என்ற கைசன் ஒரே வருஷத்தில் ஐந்து லைன்களைச் சுற்றி வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே துடைப்பம்தான் போட்டோவுக்கு நின்றது. பயன் கட்டத்தில் ‘நேரம் மிச்சம்: அரை நிமிஷம்’. அந்த அரை நிமிஷங்களையெல்லாம் சேர்த்திருந்தால் நாளைக்குச் செய்ய வேண்டிய பூட்டை நேற்றே செய்து முடித்திருப்போம்.

ஜப்பானிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை ஓர் ஆலோசகர் வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, மெல்லிய குரல், எண்ணிப் பேசும் ஆங்கிலம். கேன்டீன் ரசத்தைக் கப்பில் வாங்கிக் காபி போலக் குடிப்பார். அவரைப் பிடித்துக்கொண்டேன். கைசன் என்றால் என்ன என்று கேட்டதும் ஒயிட்போர்டில் இரண்டு எழுத்துகள் எழுதினார். முதலாவது ‘கை’, மாற்றம். இரண்டாவது ‘சென்’, நல்லது. நல்லதாக மாற்றுவது. அத்தோடு விட்டேனா? எழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ‘கை’யின் இடது பக்கம் முதுகு வளைந்து உட்கார்ந்திருக்கும் ஆள், அது ‘தான்’. வலது பக்கம் குச்சி பிடித்த கை. இரண்டாவது எழுத்தின் தலையில் இருப்பது ஆடு.

“ஆடா?”

“ஆடு. பழைய சீனாவில் ஆடு நல்லது” என்றார்.

ஒரு மனிதன், அவனை அடிக்க ஒரு குச்சி, பக்கத்தில் ஓர் ஆடு. முன்னேற்றத்துக்கு இப்படியும் ஒரு படமா என்று சிரித்தேன். பிற்பாடு நூலகத்தில் தேடிப் படித்தேன். குச்சி, ஆள் கதையை அறிஞர்கள் எல்லோரும் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஆடு உண்மை. இரண்டாவது எழுத்தின் மிகப் பழைய வடிவத்தில் ஓர் ஆடு, அதற்குக் கீழே ‘பேச்சு’ என்ற குறி இரண்டு முறை. ஆட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேர் பேசுகிறார்கள், ஆட்டிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் கம்பெனி மீட்டிங்கை நேரில் பார்த்துவிட்டு வரைந்தது போலிருந்தது.

சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். கோட்டு போட்டவர். நாற்பது பேரை உட்காரவைத்து, கைசனில் இருக்கும் ‘சென்’ வேறு எதுவுமில்லை, ஜென் பௌத்தம்தான் என்றார். ஜென் என்பது சீனச் சொல்லிலிருந்து வந்தது, அது நம் தியானத்திலிருந்து போனது, அதைக் கொண்டுபோனவர் இதோ பக்கத்தில் இருக்கிற காஞ்சிபுரத்துக்காரர், ஆகவே கைசன் நம்முடையது என்று முடித்தார். கைதட்டல் நிற்கவில்லை. நானும் தட்டினேன், சும்மா சொல்லக்கூடாது. காஞ்சிபுரம் பஸ் எங்கள் கேட்டைத் தாண்டித்தானே போகிறது! ஜப்பான்காரர் பின்வரிசையில் இருந்தார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து, ஒரு பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போல, “அது வேறு எழுத்து” என்றார். அதைக் கோட்டுக்காரரிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை.

எங்களிடம் பூட்டு வாங்கும் கம்பெனியிலிருந்து கொரியாக்காரர் ஒருவர் வருவார். அதே இரண்டு எழுத்துகள்தான், அவர் வாயில் ‘கேசொன்’. கையில் ஒரு கெட்டுப்போன பூட்டைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லுவார். எங்கள் தரப் பிரிவினர் அதை வசவு என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். மெஷின் பொருத்த வந்த சீன மெக்கானிக் கேன்டீனில் கோழிக்கறி போட்ட அன்று தட்டைக் காட்டி ‘காய்ஷான், காய்ஷான்’ என்று சிரித்தார். அவர் ஊரில் சாதாரணச் சாப்பாட்டுக்கு நடுவில் ஒருநாள் நல்ல சாப்பாடு கிடைத்தால் அதற்கும் அதே சொல்லாம். அந்தச் சொல்லுக்கு இருக்கிற அர்த்தங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இப்படி ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். வேலை நேரத்தில்தான். கேட்டால் ஆராய்ச்சி என்பேன்.

அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்து, கம்பெனி ஊருக்கே வந்து நடத்திய தேர்வில் எடுக்கப்பட்டு, மற்ற பெண்களோடு பஸ்சில் வந்து இறங்கியவள். கம்பெனி விடுதியில் இருந்தாள். வேலை இரண்டு வருஷத்துக்கு டிரெயினி. அது முடிந்ததும் சிலரைக் கன்ஃபர்ம் பண்ணுவார்கள், மற்றவர்களை வாழ்த்தி அனுப்புவார்கள். நான் சொல்லப்போகிறது நடந்தபோது அவளுக்கு அது முடிய நாலு மாதம் இருந்தது.

அவளுக்குக் கன்ஃபர்ம் ஆகியே தீரவேண்டும். அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. அவள் அம்மா ஊரில், ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று அவர்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அப்பா இல்லை. சுங்குவார்சத்திரத்தில் ஒரு வீடு பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது திட்டம். வீட்டைக்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பின்னால் கிணறு. வீட்டுக்காரர் பர்மனென்ட் கார்டைக் காட்டினால்தான் சாவி என்று சொல்லியிருந்தார். டிரெயினிகள் பாதியில் போய்விடுவார்களாம்.

“அம்மைக்கு வெரல் நகம் பூரா மருந்து ஏறிக் கறுத்துக் கெடக்குக்கா. இங்கன வந்தா சும்மா உக்காந்து சோறு பொங்குனாப் போதும்” என்பாள்.

அவளுக்கு லைனில் கொடுத்திருந்த வேலை கிளிப் பிரிப்பது. விரல் நகம் அளவு பிளாஸ்டிக் கிளிப்புகள் மூட்டையில் குவியலாக வரும். தலை மேலாக, கால் கீழாக ஒவ்வொன்றையும் திருப்பி அடுக்கிப் பக்கத்தில் பூட்டில் அழுத்துகிறவளிடம் தள்ள வேண்டும். எட்டு மணி நேரம் அதேதான். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து ஒரு பலகையை வைத்தாள். பேக்கிங் அட்டையையும் தெர்மாகோலையும் ஒட்டிச் செய்தது. வரிசை வரிசையாகக் காடி வெட்டியிருந்தாள். ஒரு கைப்பிடி கிளிப்பைக் கொட்டிக் குலுக்கினாள். நாலே குலுக்கு. எல்லாக் கிளிப்பும் காலைக் காடிக்குள் விட்டுத் தலையைத் தூக்கி நின்றன.

“எங்கடி கத்துக்கிட்ட?”

“தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சிய இப்பிடித்தான் தட்டுல போட்டுக் குலுக்கி நேராக்குவாவ. சின்னப் புள்ளைல லீவுக்குப் போயிருக்கேன்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. துடைப்ப ஆணிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு, அன்றைக்குத்தான் ஓர் உண்மையான கைசன் தெரிந்தது. தாளையும் கொண்டுவந்திருந்தாள். படம் அழகாகப் போட்டிருந்தாள். பயன் கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தில் தன் எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘விரல் வலிக்காது. கிளிப் தலைகீழாகப் போகாது.’

“இது வந்துச்சுன்னா நான் பிரிக்க வேண்டாம்லா? பக்கத்துல அழுத்துத வேலையப் படிச்சுக்கிடலாம். அது தெரிஞ்சா கன்ஃபர்ம் பண்ணுவாவளாம்” என்றாள்.

அவள் போனதும் அவளுடைய சூப்பர்வைசர் வந்தார். இருங்காட்டுக்கோட்டைக்காரர். கம்பெனி நிற்கிற இடத்தில் ஒருகாலத்தில் அவர் வீட்டு நெல் நின்றது. தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா மேடம், கட்டம் எல்லாம் காலியா கீது? கமிட்டில தூக்கிக் கடாசிடுவானுங்கோ. ஏதாச்சும் நம்பர் போட்டு வுடுங்க. நல்ல பொண்ணு, பிரைஸ் வாங்கட்டும்.”

அவர் சொன்னதில் கள்ளம் எதுவும் இல்லை. எல்லாத் தாளிலும் நாங்கள் அப்படித்தான் போட்டோம். அரை நிமிஷம், கால் கிலோ, ஒன்றரை அடி. யாரும் சரிபார்த்ததில்லை. நான் பேனாவை எடுத்தேன். நேரம் மிச்சம் என்று போட்டால் துடைப்பத்தோடு துடைப்பமாகப் போய்விடும். கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கிளிப் பிரிக்கிற வேலையே இனிமேல் இல்லையே என்று கணக்குப் போட்டு, ‘ஆள் மிச்சம்’ என்ற கட்டத்தில் ‘1’ என்று எழுதினேன். நான் ஒன்று போட்டால் தலையில் ஒரு கொக்கி, காலில் ஒரு கோடு இழுப்பேன். பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் பழக்கிவிட்டது. எழுதிவிட்டு எட்டத்தில் பிடித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது.

அந்த ஓர் ஆள் யார் என்று நான் யோசிக்கவில்லை. ஆட்டைப் பற்றி அவ்வளவு படித்தவள், அதை யோசிக்கவில்லை.

கமிட்டி துள்ளிக் குதித்தது. கேன்டீனில் மேடை போட்டார்கள். ஜப்பான்காரர் அந்த வாரம் வந்திருந்தார். அட்டைப் பலகையைக் கையில் வாங்கி, கிளிப்பைக் கொட்டி, தானே குலுக்கிப் பார்த்தார். நின்ற கிளிப்புகளைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்து இடுப்பு வளைந்து வணங்கினார். பத்தொன்பது வயதுப் பெண்ணை ஊரில் எவன் அப்படி வணங்கியிருக்கிறான்! அவள் பதறிப்போய்ப் பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். கீழே இறங்கியதும் என்னிடம் ஓடி வந்தாள்.

“ஏக்கா, கைசன்னா என்னக்கா அர்த்தம்? சாரு கேட்டா சொல்லணும்லா?”

“நல்லதுக்கு மாறுறது” என்றேன். கொரியா, சீனாவெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் லைனுக்கு மணியடித்துவிட்டது.

அன்று ஜப்பான்காரர் மேனேஜரிடம் ஒன்று சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன். கைசனால் ஓர் ஆள் மிச்சமானால் எங்கள் ஊரில் அந்த ஆளை வெளியே அனுப்பமாட்டோம், அந்த லைனில் யார் கெட்டிக்காரரோ அவரை எடுத்து அடுத்த கைசனுக்கு வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் அடுத்த தாளை எவனும் எழுதமாட்டான் என்றார். மேனேஜர் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

மூன்றாவது வாரம் லைனைத் திருத்தி அமைத்தார்கள். அட்டைக்குப் பதில் அலுமினியத்தில் பலகை வந்தது. கிளிப் பிரிக்கும் ஸ்டூலை எடுத்துவிட்டார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. நாலு மாதத்தில் டிரெயினிங் முடிகிறவள்தானே, இப்போதே முடித்துவிடலாம் என்று பதிலும் வந்தது. விடுவிப்புக் கடிதம் தமிழில் வேண்டும் என்று என்னிடமே வந்தது.

நேராக மேனேஜர் அறைக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை. “சார், பிரைஸ் குடுத்த பொண்ண அனுப்புறீங்க. உங்களுக்கே நல்லா இருக்கா?” என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஃபைலைத் திறந்து அந்தத் தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

“ஒரு ஆள் மிச்சம்னு போட்டிருக்கு மேடம். ஹெட் ஆபீஸுக்கு ரிப்போர்ட் போயிடுச்சு. மிச்சமான ஆள் இன்னும் சம்பளம் வாங்குறான்னா ரிப்போர்ட் பொய்யின்னு ஆகும்ல? ஆமா, இது உங்க எழுத்துதானே?”

அந்த வருஷம் சிவப்புப் பெட்டியில் விழுந்த அத்தனை பொய்களில் ஒரு பொய்யைக்கூட எவனும் நம்பவில்லை. நான் அழகுக்குப் போட்ட ஒன்றை மட்டும் ஹெட் ஆபீஸ் வரைக்கும் நம்பித் தொலைத்துவிட்டார்கள். ‘நான்தான் போட்டேன், அவள் எழுதவில்லை, வேண்டுமானால் என்னை அனுப்புங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தேன் என்றுகூடச் சொல்லமாட்டேன். என் மேஜையும் ஜன்னலும்தான் கண்ணுக்கு வந்தன. வெளியே வந்து உட்கார்ந்து கடிதத்தை அடித்தேன்.

அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பைக்குள்ளே ஹாட்பாக்ஸ் துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அடித்தேன். ‘தங்கள் பணியைப் பாராட்டுகிறோம்’ என்ற வரி வந்தபோது கண்ணை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு அடித்து முடித்தேன். ஒரு பிழை இல்லை. எனக்கு வேலை கொடுத்ததே அதற்குத்தான்.

அவள் கையெழுத்துப் போட்டாள். எழுந்தாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவள் போல நின்றாள்.

“நல்லதுக்கு மாறுறதுன்னு சொன்னீங்கள்லாக்கா. யாருக்குன்னு சொல்லவே இல்லியே.”

பயன் கட்டத்தை நிரப்பியது நான் என்று அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டதால்தான் என்னால் வாசல்வரை வந்து வழியனுப்ப முடிந்தது. “நல்லா இரு” என்று வேறு சொன்னேன். அடச்சீ என்று இருந்தது.

அடுத்த முறை ஜப்பான்காரர் வந்து இறங்கியதும் சுவரில் இருந்த போட்டோவைக் காட்டி அவள் எங்கே என்றுதான் முதலில் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று முன்தினமே சொல்லி வைத்திருந்தார். ‘செகண்ட் ஷிப்ட்’ என்றேன். ஜப்பான்காரர் ‘ஆ’ என்று திருப்தியாகத் தலையசைத்துவிட்டு, அவளுக்கென்று கொண்டுவந்த பேனாவை என்னிடம் கொடுத்து, கொடுத்துவிடச் சொன்னார். அது என் மேஜை டிராயரில் கிடந்தது. எழுத எடுத்ததில்லை. நோட்டில் எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். கடைசியாக எழுதியிருந்தது, அந்தச் சொல் ஆதியில் தொழிற்சாலைச் சொல்லே அல்ல, பழைய சீனத்தில் தப்பு செய்தவன் தப்பை விட்டுத் திருந்துவதைச் சொல்ல வந்தது என்பது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது.

2013-இல் ஒருநாள் சின்னம்மா வீட்டு விசேஷத்துக்காக லீவு போட்டுக் காஞ்சிபுரம் போய்விட்டுத் திரும்பும்போது, சுங்குவார்சத்திரத்தில் பஸ் மாற இறங்கினேன். பகல் ஒரு மணி வெயில். டீக்கடை நிழலில் வேறு வேறு கம்பெனிச் சட்டை போட்ட பெண்கள் பஸ்சுக்குக் காத்திருந்தார்கள். “ஏக்கா!” என்று ஒரு குரல். குரலைக் கேட்டதும் எங்கேயாவது ஓடிவிடலாமா என்று இருந்தது. பச்சைச் சட்டை. கொஞ்சம் இளைத்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்கயா இருக்க?”

“ஆமாக்கா. மூணாவது கம்பெனி. மூணாவது தடவ டிரெயினி” என்று சிரித்தாள். “அஞ்சு வருசமா டிரெயினிங் எடுக்கேன். டாக்டருக்குப் படிச்சவகூட முடிச்சிருப்பா.”

“அம்மா?”

“ஊர்லதான். அந்தக் கெணத்து வீட்டுக்கு வேற ஆளு வந்தாச்சு. அந்த ஹாட்பாக்ஸ்லதான் அம்மை தீப்பெட்டி ஆபீசுக்குச் சோறு கொண்டு போவுது. நல்ல உழைப்புக்கா அது, இன்னும் சூடு நிக்கி.”

அங்கேயும் கைசன் உண்டா என்று கேட்டுத் தொலைத்தேன்.

“இல்லாமயா? மாசம் ஒண்ணு. போன மாசம் டீக் கப்ப மாட்ட ஆணி அடிச்சேன். ஆள் மிச்சம்னு ஒரு கட்டம் அங்கயும் இருக்கு. அதுல நானே பெருசா ஒரு சைபர் போட்டுருவேன். காலியா விட்டா ஆராவது நல்லது செய்யுதேன்னு நம்பர் போட்டுருவாவ.”

என் கை அவள் கையில் இருந்தது. இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை.

“உங்க ஒண்ணு எனக்குத் தெரியும்க்கா. தலைல கொக்கி வச்சு எழுதுவீங்க. கேன்டீன் போர்டுல தெனமும் பாத்திருக்கேன்லா.”

“அப்பவே தெரியுமா?”

“பிரைஸ் குடுத்த அன்னைக்கே தாளப் பாத்தேனே.”

“ஏண்டி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?” நடுரோட்டில் என் குரல் உடைந்துவிட்டது. “லெட்டர் அடிக்கும்போது எதுத்தாப்புலதான உக்காந்திருந்த?”

“கேட்டா நீங்க அழுவீங்க. அழுதுகிட்டே அடிச்சா தப்பு வரும். தப்பு வந்தா மறுநா வந்து வாங்கிக்கோம்பாவ. நான் அன்னைக்குச் சாயங்காலத்துக்கே ஊருக்கு டிக்கெட் எடுத்துருந்தேன்.”

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

“அந்தப் போட்டோ இன்னும் தொங்குதாக்கா?”

“தொங்குது.”

“வாரவங்க கேக்க மாட்டாவளா, இந்தப் புள்ள எங்கன்னு?”

“கேப்பாங்க.”

“என்ன சொல்லுதீங்க?”

பொய் சொல்லத் தெம்பில்லை. “செகண்ட் ஷிப்ட்னு சொல்லுவேன்” என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கம்பெனி பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் காலை வைத்தாள்.

“அதையே சொல்லுங்கக்கா. பொய்யில்ல. இப்பம் செகண்ட் ஷிப்டுக்குத்தான் போறேன்.”